கணினிக்குப் போன நெல் ஆட்டமும் காணாமற்போன கடைமடையும்

வேளாண்மையை விளையாட்டாக ஆடிப் பார்க்க முடியுமா என்று உழவர் பெருமக்கள் கேட்கலாம். முடியும் என்று அரை நூற்றாண்டுக்கு முன்பே செய்து காட்டியிருக்கிறார்கள். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் புவியியல் அறிஞராக இருந்த கிரகாம் சாப்மன் என்பவர், நெல் விளையும் கிராமம் ஒன்றின் வாழ்க்கையை ஓர் ஆட்டமாக அமைத்தார். அதற்குப் ‘பசுமைப் புரட்சி ஆட்டம்’ என்று பெயர். 1973-ல் அதைப் பற்றி எழுதி வெளியிட்டார். வேளாண் அலுவலர்களுக்கும் கிராம வளர்ச்சிப் பணியில் இருப்பவர்களுக்கும் பயிற்சி கொடுக்கும் இடங்களில் அது பயன்பட்டது. ராபர்ட் சேம்பர்ஸ் என்ற ஆய்வாளர் 1983-ல் எழுதிய நூலில், சிறு விவசாயியின் நிலையில் தம்மை வைத்துப் பார்க்க அலுவலர்களுக்கு உதவும் வழிகளில் ஒன்றாக இந்த ஆட்டத்தைக் குறிப்பிட்டிருக்கிறார்.

அந்த ஆட்டத்தையும் அதன் வழியில் வந்த மற்றவற்றையும் பிற்காலத்தில் கணினிக்கு மாற்றினார்கள். அப்படி மாற்றும்போது எது போகிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் பொருள். விளையாட்டுத்தானே என்று விட்டுவிடக் கூடாது. உங்கள் வயலுக்கு வந்து யோசனை சொல்லும் இளம் அலுவலர் எந்த ஆட்டத்தை ஆடிப் பயின்றாரோ, அந்த ஆட்டத்தின் புத்தி அவருடைய யோசனையிலும் இருக்கும்.

நம் பகுதிக்கும் இந்தக் கதைக்கும் தொடர்பு உண்டு. 1973-74ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பி. எச். ஃபார்மர் தலைமையில் ஒரு குழு அப்போதைய வட ஆற்காடு மாவட்டத்துக் கிராமங்களிலும் இலங்கையின் அம்பாந்தோட்டைப் பகுதியிலும் நெல் சாகுபடியை ஆராய்ந்தது. மேலே சொன்ன சேம்பர்ஸ் அந்தக் குழுவில் இருந்தவர். தாமலிலிருந்து மேற்கே சிறிது தூரம் போனால் அந்தப் பழைய மாவட்டத்தின் எல்லை வந்துவிடும். உயர் விளைச்சல் ரகங்கள் பரவியதாக அரசுக் கணக்கில் காட்டப்பட்ட பரப்பு, வயலில் இறங்கி எண்ணிப் பார்த்தபோது அவ்வளவு இல்லை என்று அந்தக் குழு கண்டது. பம்பு செட்டும் கிணறும் வைத்திருந்தவருக்குப் புதிய ரகம் முதலில் கைகொடுத்தது, சிறியவர் பின்தங்கினார். பத்தாண்டு கழித்து அதே மாவட்டத்தை பீட்டர் ஹேசலும், பின்னாளில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரான சி. இராமசாமியும் மீண்டும் ஆராய்ந்தார்கள். 1991-ல் வெளிவந்த அவர்களுடைய நூல், சிறு விவசாயிகள் அதற்குள் பெரியவர்களை எட்டிப் பிடித்துவிட்டதைக் காட்டியது. முதல் சில பருவங்களைப் பார்த்து முடிவு கட்டிவிடக் கூடாது என்பதற்கு இது நல்ல சான்று. ஆட்டத்துக்கும் இது பொருந்தும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

பழைய ஆட்டத்தில் இருந்தவை

ஆடுகிறவர்கள் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து ஒரு குடும்பம் ஆவார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் கொஞ்சம் நிலம், கொஞ்சம் நெல், கொஞ்சம் பணம். நிலமும் ஆட்களின் எண்ணிக்கையும் எல்லாருக்கும் சமமாக இராது. விதை வாங்க வேண்டும், உரம் வாங்க வேண்டும், பூச்சி வந்தால் மருந்து அடிக்க வேண்டும். மழையும் பூச்சியும் எப்படி வரும் என்பது யாருக்கும் தெரியாது. அறுவடைக்குப் பிறகு குடும்பம் சாப்பிட வேண்டும். நெல் போதாவிட்டால் குடும்பத்தில் ஆள் குறையும். இல்லாதவர் இருப்பவரிடம் போய்க் கேட்கலாம். கடனாகக் கேட்கலாம், கூலிக்குப் போகலாம், நிலத்தை அடகு வைக்கலாம். என்ன வட்டி, எப்போது திருப்புவது என்பதற்கு விதி எழுதி வைக்கவில்லை. அதை இரண்டு குடும்பங்களும் எதிரெதிரே உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டும். ஆட்டத்தின் உயிர் அங்கேதான் இருந்தது.

பயிற்சிக்கு வந்த அலுவலர்களை வைத்து இதைப் பலமுறை நடத்தியிருக்கிறேன். காலையில் சிரித்துக்கொண்டு தொடங்குவார்கள். மூன்றாவது பருவம் வருவதற்குள் சிரிப்பு நின்றுவிடும். ஏக்கருக்கு இத்தனை கிலோ தழைச்சத்து போட வேண்டும் என்று வாய்ப்பாடமாக ஒப்பிப்பவரே, கையில் நெல் இல்லாதபோது உரத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டுத் தலை குனிந்து உட்கார்ந்திருப்பார். சிபாரிசு தெரியாததால் உரம் குறையவில்லை, கையில் இல்லாததால் குறைந்தது என்பதை வகுப்பில் எத்தனை மணி நேரம் சொன்னாலும் அவ்வளவு தெளிவாக விளங்க வைக்க முடியாது.

புதுப்பித்த பிறகு

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பயிற்சி நிலையத்தார் இத்தகைய நெல் ஆட்டம் ஒன்றைக் கணினியில் புதிதாக அமைத்தார்கள். நிலையத்தின் பெயர் இங்கே வேண்டாம். நல்ல எண்ணத்தோடுதான் செய்தார்கள். நாள் முழுவதும் ஆடியதை ஒரு மணி நேரத்தில் முடிக்கலாம், கணக்குத் தவறாது, படமும் அழகாக இருக்கும் என்றார்கள். மூன்றும் உண்மை. அதை எடுத்துக்கொண்டு தாமலுக்கு வந்து, ஏரிப் பாசன விவசாயிகள் பதினைந்து பேரை ஆடச் சொன்னோம். மறுநாள் அதே பேரை வைத்துத் தரையில் கோடு கிழித்துப் பழைய முறையில் ஆட வைத்தோம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் விட்டுப்போனவை தெரிந்தன.

முதலாவது தண்ணீர். கணினியில் ஒவ்வொருவருடைய திரையிலும் அவரவர்க்குத் தனி நீர் அளவு காட்டியது. என் நீர் என் திரையில், உங்கள் நீர் உங்கள் திரையில். ஏரிப் பாசனத்தில் அப்படி எங்காவது உண்டா? தாமல் ஏரி காஞ்சிபுரம் மாவட்டத்தின் பெரிய ஏரிகளில் ஒன்று. அதன் மதகிலிருந்து வரும் தண்ணீர் தலைமடையைத் தாண்டித்தான் கடைமடைக்குப் போக வேண்டும். மேலே இருப்பவர் இரவில் மடையைத் திறந்து வைத்தால் கீழே இருப்பவரின் கதிர் பால் பிடிக்கும் சமயத்தில் காயும். ‘அவர் எடுத்தால் எனக்கு இல்லை’ என்ற ஒரே விஷயத்தைக் கணினி ஆட்டம் எடுத்துவிட்டது. அதை எடுத்ததும் நீர்க்கட்டிக்கு வேலையில்லை; தலைமடைக்காரருடன் பேச வேண்டிய தேவையில்லை. கடைமடை என்ற ஒன்றே இல்லாத ஊராகிவிட்டது அது.

இரண்டாவது கடன். கணினி ஆட்டத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் குறிப்பிட்ட வட்டியில் கடன் வந்து விழுகிறது. ஈடு கேட்பதில்லை, ஏன் என்று கேட்பதில்லை, போன பாக்கி என்னாயிற்று என்றும் கேட்பதில்லை. இப்படி ஒரு சங்கம் இருந்தால் நமக்கெல்லாம் மகிழ்ச்சிதான். பழைய ஆட்டத்தில் கடன் கேட்கப் போகிறவர் எழுந்து நடந்து போக வேண்டும். எதிரே இருப்பவர் வேறு குடும்பத்தோடு பேசிக்கொண்டிருந்தால் நிற்க வேண்டும். ‘நெல்லாகத் தருகிறேன், அறுவடைக்கு உன் வீட்டு இரண்டு ஆளை அனுப்பு’ என்பார் அவர். அறுவடைக்கு ஆளை அனுப்பினால் தன் வயல் அறுவடை தள்ளிப்போகும். தள்ளிப்போனால் மணி உதிரும். கடன் வாங்கிய நேரத்தில் போட்ட ஒரு சொல் நாலு மாதம் கழித்து வயலில் நஷ்டமாக முளைக்கிறது. சதவீத வட்டியில் இந்த நஷ்டம் ஏறவே ஏறாது.

மூன்றாவது மழை. புதிய ஆட்டத்தில் பருவம் தொடங்கும் முன்பே, இத்தனை சதவீதம் மழை வாய்ப்பு என்று திரையின் ஓரத்தில் எழுதிக் காட்டியது. கடைமடையில் ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கும் ஓர் அம்மாள் அதைப் பார்த்துவிட்டு, “ஏன் சார், எங்களுக்கு யாரு இதச் சொல்றாங்க? பொட்டிக்கு மட்டும் யாரு வந்து சொன்னாங்க?” என்று கேட்டார். பதில் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. வானிலை ஆய்வு மையம் பருவ முன்னறிவிப்பு தருவது உண்மை; அதைக் கவனிப்பது நல்லது. ஆனால் அது பரந்த நிலப்பகுதிக்கான கணிப்பு. தாமல் ஏரியில் கார்த்திகை முடிவில் எத்தனை அடி தண்ணீர் நிற்கும் என்று ஆவணியில் நாற்றங்கால் விடும்போது சொல்லக்கூடியவர் யாரும் இல்லை. 2016-ல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் மிக மோசமாகப் பொய்த்தது. 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்தது. ஐந்தாண்டு இடைவெளியில் இந்த இரண்டையும் பார்த்தவர்கள் நாம்.

அதைவிட எனக்கு வருத்தம் தந்தது, செய்ததைத் திரும்பப் பெறும் வசதி. விதைத்தது சரியில்லை என்றால் ஒரு பொத்தானில் விதைக்காத நிலைக்குத் திரும்பிவிடலாம்! நம் இளைஞர் ஒருவர் இதை நாலைந்து தடவை அழுத்தி, எந்த ஆண்டு மழை வரும் என்று தெரிந்துகொண்டு, அந்த ஆண்டில் மட்டும் முழு நிலத்தையும் நட்டு, முதல் மதிப்பெண் வாங்கினார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆட்டம் அதைத்தான் கற்றுக்கொடுத்தது.

நாற்றின் வயதும் அப்படியே. குறுகிய கால ரகத்துக்கு 18 முதல் 22 நாள், மத்திய கால ரகத்துக்கு 25 முதல் 30 நாள், நீண்ட கால ரகத்துக்கு 30 முதல் 35 நாள் வயதுள்ள நாற்று என்பது உங்களுக்குத் தெரிந்ததே. நடவு ஆள் கிடைக்காமல் நாள் கடந்தால் தூர் வெடிப்பது குறைகிறது. குத்துக்கு நாற்று எண்ணிக்கையைக் கூட்டிச் சமாளிக்க வேண்டியிருக்கிறது. பழைய ஆட்டத்தில் எல்லாக் குடும்பமும் ஒரே வாரத்தில் ஆள் தேடுவதால் யாராவது ஒருவருடைய நாற்று முற்றியே தீரும். கணினியில் ‘நடு’ என்றதும் நட்டுவிடுகிறது.

கடைசியாக மதிப்பெண். ஆட்ட முடிவில் யாரிடம் அதிகப் பணம் என்று கணினி வரிசைப்படுத்திக் காட்டியது. முதலில் வந்தவருக்குக் கைதட்டல். தலைமடையில் மூன்று ஏக்கர் கொடுக்கப்பட்டவர் முதலில் வந்ததில் என்ன திறமை இருக்கிறது? கடைமடையில் இரண்டு ஏக்கரோடு தொடங்கி, ஆறு பருவம் கழித்தும் நிலத்தை விடாமல் நின்றவர் கடைசி வரிசையில் இருந்தார். அவர்தான் அன்று நன்றாக ஆடியவர் என்பது என் கருத்து.

கைபேசி ஆட்டங்கள்

வீட்டுப் பிள்ளைகள் கைபேசியில் ஆடும் வேளாண் ஆட்டங்களும் இதே வழியில்தான் போயிருக்கின்றன. 1996-ல் ஜப்பானில் வெளிவந்த ‘ஹார்வெஸ்ட் மூன்’ என்ற ஆட்டம் இவற்றுக்கெல்லாம் மூத்தது. அதை உருவாக்கிய யசுஹிரோ வாடா, மியாசாகி என்ற கிராமப்புற மாவட்டத்தில் வளர்ந்து டோக்கியோவுக்கு வேலைக்குப் போனவர். ஊர் நினைவில்தான் அந்த ஆட்டத்தை உண்டாக்கினார். அதில் ஆள் களைத்துப்போவான், பொழுது சாயும், சூறாவளி வந்தால் வயல் அழியும். அதே வரிசையில் 2003-ல் வந்த ஓர் ஆட்டத்தை 2019-ல் புதுப்பித்தபோது, வருமானம் எளிதாக வரும்படி ‘சுலப முறை’ ஒன்றையும் சேர்த்தார்கள்.

2009-ல் முகநூலில் வந்து கோடிக்கணக்கானவர்கள் ஆடிய ‘ஃபார்ம்வில்’ ஆட்டத்தில், பயிரை உரிய நேரத்தில் அறுக்காவிட்டால் வாடிப்போகும். 2020 டிசம்பர் 31-ஆம் தேதி அது மூடப்பட்டது. அதற்கு முன்பே 2012-ல் வந்து இன்றும் பலர் ஆடும் ‘ஹே டே’ ஆட்டத்தில் பயிர் வாடுவதே இல்லை. எத்தனை நாள் விட்டாலும் வயலில் அப்படியே முற்றி நிற்கும். ஆடுகிறவர் மனம் நோகக் கூடாது என்பது அவர்கள் கணக்கு. நம் வயலில் ஒரு வாரம் அறுவடை தள்ளினால் என்ன ஆகும் என்று ஏடிடீ 37 போட்டுவிட்டு மழையில் மாட்டியவரைக் கேட்டால் சொல்வார்.

புதியது என்பதாலேயே கெட்டுவிடும் என்று நான் சொல்லவில்லை. 2020-ல் ஜப்பானில் ‘சகுனா’ என்ற ஆட்டம் வெளிவந்தது. விதை நேர்த்தி, நாற்று நடவு, நீர் மட்டம், களை, அறுவடைக்குப் பின் கதிரை உலர்த்துவது, அடிப்பது, உமி நீக்குவது வரை எல்லாவற்றையும் அதில் செய்தாக வேண்டும். தண்ணீரின் ஆழம் தவறினால் மகசூல் குறையும். ஆடிய இளைஞர்கள் விளைச்சல் வராமல் திண்டாடி, கடைசியில் அந்த நாட்டு வேளாண் அமைச்சகத்தின் நெல் சாகுபடிக் குறிப்புகளைத் தேடிப் படித்தார்கள்! வேளாண் துறைக் குறிப்பை இளைஞர்கள் தாமாகத் தேடிப் படிப்பதைக் காண என்னைப் போன்ற விரிவாக்கக்காரர்களுக்கு எத்தனை ஆசை இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அதை உருவாக்கியவர்கள் கடினமானதை நீக்கவில்லை. கடினமானதுதான் ஆட்டம் என்று வைத்திருந்தார்கள்.

இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் உள்ள ஆய்வாளர்கள் ஆப்பிரிக்கச் சிறு விவசாயிகளைப் பற்றி அமைத்த ‘ஆப்பிரிக்க உழவர்’ என்ற கணினி ஆட்டமும் கவனிக்கத்தக்கது. சாப்மன் போன்றவர்களின் பழைய ஆட்டங்களின் வழியில் வந்தது அது. பலர் சேர்ந்து ஆடும் வடிவமும் உண்டு, ஒருவர் தனியாக ஆடும் வடிவமும் உண்டு. பலர் சேர்ந்து ஆடும் வடிவில் குடும்பங்கள் ஒன்றோடொன்று பேரம் பேசலாம். தனியாக ஆடும்போது அது முடியாது. ஒரே ஆட்டம்தான், பக்கத்து வீட்டுக்காரரை எடுத்துவிட்டால் வேறாகிவிடுகிறது.

எதை மாற்றலாம்

பழைய ஆட்டத்தில் சிலவற்றை மாற்றத்தான் வேண்டும். நெல் போதாவிட்டால் பட்டினி, அதனால் சாவு என்ற விதி 1970-களுக்குப் பொருந்தியிருக்கலாம். இன்று தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி 2011 முதல் விலையில்லாமல் கிடைக்கிறது. ஆகவே தாமலில் நாங்கள் அந்த விதியை எடுத்துவிட்டோம். அதற்குப் பதிலாக, ஒவ்வொரு பருவமும் பள்ளிக் கட்டணம், மருந்து, கல்யாணச் சீர் என்று ரொக்கமாகக் கேட்கும் குடும்பச் செலவை வைத்தோம். இன்று சிறு விவசாயியை அழுத்துவது அதுதான். அறுவடை ஆளுக்குப் பதில் அறுவடை இயந்திர வாடகையைச் சேர்த்தோம். இயந்திரம் பெரிய வயலுக்கு முதலில் போகும், சிறு வயலுக்குக் கடைசியில் வரும் என்ற விதியை விவசாயிகளே சொல்லிச் சேர்த்தார்கள். வயலில் மாறியதை ஆட்டத்தில் மாற்றலாம். வயலில் இன்னும் இருப்பதை, ஆட்டம் சுலபமாக வேண்டும் என்பதற்காக நீக்குவதுதான் கூடாது.

தாமல் ஆட்டம்

இதை எந்த ஊரிலும் ஆடலாம். கணினி வேண்டாம். தரையில் சுண்ணாம்பால் ஒரு வாய்க்கால் கோடு, அதன் மேல்முனையில் ஏரி, பக்கத்தில் வயல் கட்டங்கள், ஒரு படி புளியங்கொட்டை, இவை போதும். ஒரு கொட்டை 75 கிலோ நெல் மூட்டை ஒன்றுக்குச் சமம். எல்லாச் செலவும் மூட்டைக் கணக்கிலேயே.

ஆறு குடும்பங்கள், குடும்பத்துக்கு இரண்டு மூன்று பேர். தலைமடையில் இரண்டு குடும்பங்களுக்குத் தலா 3 ஏக்கர். நடுமடையில் இரண்டுக்குத் தலா 2. கடைமடையில் இரண்டுக்குத் தலா 2. மொத்தம் 14 ஏக்கர். யாருக்கு எந்த மடை என்பதைச் சீட்டுப் போட்டு எடுக்க வேண்டும். நிஜத்தில் தலைமடையில் இருப்பவருக்கு ஆட்டத்தில் கடைமடைச் சீட்டு விழுந்தால் இன்னும் நல்லது. தொடக்கத்தில் தலைமடைக் குடும்பத்துக்கு 40 மூட்டை, மற்றவர்களுக்கு 20. நடுமடையில் ஒரு குடும்பத்துக்கு மட்டும் கிணறு உண்டு. அதிலிருந்து தன் நிலம் போக மேலும் ஒரு ஏக்கருக்குத் தண்ணீர் விற்கலாம், விலை அவர்கள் பேசிக்கொள்வது.

ஏக்கருக்குச் செலவு 14 மூட்டை: உழவும் நாற்றங்காலும் 4, நடவு 3, உரம் 3, களையும் பயிர் பாதுகாப்பும் 1, அறுவடை 3. தண்ணீர் முழுதும் கிடைத்தால் மகசூல் 26 மூட்டை. பாதியில் நின்றால் 10. குடும்பச் செலவு பருவத்துக்கு 8 மூட்டை. இவை ஆட்டத்துக்காக நாங்கள் வைத்த அளவுகள். உங்கள் ஊர்ச் செலவுக்கும் விலைக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

எத்தனை ஏக்கர் நடுவது என்று ஒவ்வொரு குடும்பமும் முதலில் முடிவு செய்து செலவு மூட்டைகளை நடுவில் வைத்துவிட வேண்டும். அதன் பிறகுதான் மழை. தாயம் ஆடுவதற்குத் தேய்ப்பதுபோல ஐந்து கொட்டைகளை ஒரு பக்கம் வெள்ளை தெரியத் தேய்த்து, நீர்க்கட்டியாக இருப்பவர் அவற்றைக் குலுக்கிப் போடுவார். நாலு அல்லது ஐந்து வெள்ளை விழுந்தால் ஏரி நிரம்பியது. 14 ஏக்கருக்கும் தண்ணீர் உண்டு. மூன்று விழுந்தால் முக்கால் ஏரி, 10 ஏக்கருக்கு. இரண்டு விழுந்தால் அரை ஏரி, 7 ஏக்கருக்கு. ஒன்று அல்லது ஒன்றுமில்லை என்றால் 3 ஏக்கருக்குத்தான். 32 தடவை போட்டால் ஏறத்தாழ 6 தடவை ஏரி நிரம்பும், 6 தடவை வறளும், மீதி 20 தடவை இரண்டுக்கும் நடுவில் நிற்கும். தண்ணீர் தலைமடையிலிருந்து வரிசையாகப் பாயும்.

இங்கே ஒரு விதியைக் கட்டாயம் வையுங்கள். ஆறு குடும்பங்களும் ஒத்துக்கொண்டு முறைப்பாசனம் வைத்தால், அரை ஏரித் தண்ணீர் 7 ஏக்கருக்குப் பதில் 9 ஏக்கருக்குப் பாயும். அந்த 9 ஏக்கர் யார் யாருக்கு என்பதை அவர்களே பேசி முடிக்க வேண்டும். ஒருவர் மறுத்தாலும் பழையபடி 7 தான். பேச 15 நிமிடம் கொடுங்கள். தாமலில் முதல் நாள் இந்தப் பேச்சு இரண்டு முறை முறிந்தது. மூன்றாவது முறை கடைமடைக் குடும்பங்கள் இரண்டும் சேர்ந்து, அடுத்த பருவத்தில் நடவுக்கு ஆள் தருவதாகத் தலைமடைக்காரருக்குச் சொல்லி ஒரு ஏக்கர் தண்ணீர் வாங்கினார்கள். “கூலிய வாங்கிக்கிட்டு வரப்போறவங்கதானே, இதுல என்னா புதுசு அண்ணே?” என்றார் தலைமடைக்காரர். “நாங்க மொத நாள் வருவோம். நாத்து முத்தறதுக்கு முன்னாடி” என்று பதில் வந்தது. தண்ணீருக்கு விலையாக ‘முதல் நாள்’ வைக்கப்பட்டதை எந்தக் கணினிக்காரரும் யோசித்திருக்க மாட்டார்.

கணக்கு எப்படிப் போகும் என்பதற்குக் கடைமடைக் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கையில் 20 மூட்டை. இரண்டு ஏக்கரும் நட்டால் செலவு 28. எனவே 8 மூட்டை கடன், திருப்பும்போது 10 என்று பேச்சு. ஏரி நிரம்பினால் 52 மூட்டை வரும். கடன் 10-ம் குடும்பச் செலவு 8-ம் போக மீதி 34. தண்ணீர் நின்றுவிட்டால் வருவது 20. அதே 18 போக மீதி 2. அடுத்த பருவத்தில் ஒரு ஏக்கர் நடக்கூட 12 மூட்டை கடன் வேண்டும்.

அதே குடும்பம் ஒரு ஏக்கர் மட்டும் நட்டால் கடன் இல்லை, கையில் 6 மீதி. ஏரி நிரம்பினால் 26 சேர்ந்து 32; குடும்பச் செலவு போக 24. தண்ணீர் நின்றால் 10 சேர்ந்து 16. செலவு போக 8. நல்ல ஆண்டில் 10 மூட்டை குறைவு. கெட்ட ஆண்டில் 6 மூட்டை அதிகம். இரண்டு மூட்டையோடு நிற்பதற்கும் எட்டு மூட்டையோடு நிற்பதற்கும் உள்ள தூரம் என்ன என்பது அடுத்த பருவத்தில் கடன் கேட்கப் போகும்போதுதான் தெரியும். மீதி ஒரு ஏக்கரைச் சும்மா போட வேண்டியதில்லை. குறைந்த தண்ணீரில் வரும் உளுந்தோ எள்ளோ போடுவதாக விதி சேர்க்கலாம். செலவு 4 மூட்டை, வரவு 7 என்று நாங்கள் வைத்தோம்.

ஒரே பருவத்தோடு நிறுத்திவிடாதீர்கள். முதல் பருவத்தில் ஏரி நிரம்பிவிட்டால் எல்லாரும் முழு நிலத்தையும் நட்டவரைத்தான் புத்திசாலி என்பார்கள். வட ஆற்காட்டில் 1973-ல் பார்த்ததும் பத்தாண்டு கழித்துப் பார்த்ததும் வேறாக இருந்தன அல்லவா? குறைந்தது ஆறு பருவம் ஆட வேண்டும். உணவு இடைவேளையோடு ஒரு நாள் ஆகும். பெண்களையும் குடும்பங்களில் கட்டாயம் சேர்க்க வேண்டும். நடவு ஆள் கணக்கும் கைமாற்றுக் கணக்கும் அவர்களுக்குத்தான் சரியாகத் தெரிகிறது. வட்டார வேளாண் அலுவலரையும் கூட்டுறவுச் சங்கச் செயலரையும் அழைத்து, முடிந்தால் கடைமடைச் சீட்டை அவர்களுக்குக் கொடுங்கள்.

ஆட்டம் ஆனி கடைசியிலோ ஆடி முதல் வாரத்திலோ நடந்தால், சம்பா நாற்றங்காலுக்கு முன் பேச நேரம் கிடைக்கும். முறைப்பாசனத்தில் எந்த ஏற்பாட்டுக்கு எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள் என்பதை ஒரு நோட்டில் எழுதி, ஏரிப் பாசன சங்கத் தலைவரிடம் கொடுத்து வையுங்கள். ஏரி அரையோடு நின்றால் கார்த்திகையில் மதகடியில் கூடும்போது அந்த நோட்டு கையில் இருக்க வேண்டும்.